தம் அடிக்கவும் கூடாது, தம் கட்டவும் கூடாது: இராமநாதபுரம் கரையில் ஸ்கூபா பழக வரும் புகைப்பவர்களுக்கு

பாம்பன், மண்டபம் பக்கம் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலடிக்கு இறங்குவது, பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆழத்தை. "எத்தனை பாகம்ணே இறங்குவோம்?" என்பார்கள். "ரெண்டு, மூணு பாகம்தான் தம்பி" என்று படகோட்டி சொன்னதும் முகம் தெளிந்துவிடும். மூன்று பாகம் என்றால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். இதற்குப் போய் மருத்துவப் படிவம் எதற்கு, டாக்டர் கையெழுத்து எதற்கு என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் வைத்திருப்பவருக்கு இந்த எண்ணம் ஆகாது. நுரையீரல் கிழியும் ஆபத்து மிகுந்தது மேல் பத்து மீட்டரில்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளும் பாக் விரிகுடாவின் பெரும்பகுதியும் அந்தப் பத்து மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

கணக்கு எளிது. கடல் மட்டத்தில் அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் கூடும்: 5 மீட்டரில் 1.5, 10-ல் 2, 20-ல் 3, 30-ல் 4. எந்த ஆழத்தில் இருக்கிறீர்களோ அந்த அழுத்தத்திலேயே வாயில் கவ்வும் ரெகுலேட்டர் சிலிண்டர் காற்றைக் கொடுக்கும். 30 மீட்டரில் 6 லிட்டர் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு 20 மீட்டருக்கு ஏறினால் அது 8 லிட்டராக விரியும். 10 மீட்டரிலிருந்து மேல்மட்டத்துக்கு ஏறினாலும் தூரம் அதே 10 மீட்டர்தான், ஆனால் 6 லிட்டர் 12 ஆகிவிடும். வெறும் 5 மீட்டரிலிருந்து ஏறினால்கூட 9. நெஞ்சு நிறைய மூச்சை அடக்கியிருந்தால் 1.2 மீட்டர் ஏற்றமே நுரையீரலைக் கிழிக்கப் போதும். இடுப்பளவு தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

மூச்சை விட்டுக்கொண்டே ஏறினால் நல்ல நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. புகைப்பவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. புகை பட்டுப் பட்டு சிறு காற்றுக்குழாய்கள் வீங்கி, சளி தேங்கி, சளியைத் துடைத்து மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள் செயலிழந்து கிடக்கும். காற்று உள்ளே போய்விடும், வெளியே வர நேரமாகும். முழுக்க ஊதிவிட்டதாக நினைக்கும்போதும் ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் அடைபட்டிருக்கும். பல ஆண்டுகள் புகைத்தவருக்குக் காற்றுப்பைகளின் சுவர் சிதைந்து கொப்புளம் போன்ற பெரிய பைகளே உருவாகியிருக்கலாம். அவர் மூச்சை அடக்கவே வேண்டாம், நுரையீரல் தானே அடக்கி வைத்திருக்கும்.

சங்கு குளிப்பவர் பீடி குடிக்கிறாரே?

இந்தக் கரையில் இது நியாயமான கேள்விதான். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் ஆயுசு முழுக்கச் சங்கு குளித்தவர்கள் இருக்கிறார்கள். கரையேறியதும் பீடியைப் பற்றவைப்பவரும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள்.

அவர் மேலே ஒரு மூச்சு இழுத்து, அதே மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு ஏறுகிறார். 6 லிட்டரோடு போனால் 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும், மேலே வரும்போது மறுபடி 6 ஆகும். கொண்டுபோனதைவிட ஒரு சொட்டுக்கூட மிஞ்சாது. நீங்களோ அடியில் இருந்துகொண்டே புதிதாக 6 லிட்டர் இழுக்கிறீர்கள். அவருக்கும் உங்களுக்கும் கடல் ஒன்று, விதி வேறு.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தம் கட்டுவது இந்தக் கரையின் திறமை. மீனவக் குடும்பத்துப் பையன்களும், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களும் தலை தண்ணீருக்குள் போன நொடியே மூச்சை அடக்கப் பழகியவர்கள். ஸ்கூபாவில் அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மறக்க வேண்டும். ரெகுலேட்டர் வாயில் இருக்கும்வரை மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதை வாயிலிருந்து எடுத்தாலும் சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் நீச்சல் தெரியாதவரைவிட நம்மூர்ப் பையனுக்கு இந்தப் பாடம் கூடுதலாக ஒரு நாள் பிடிக்கும்.

முதல் வேலை படிவம்

பயிற்சி மையங்கள் தரும் மருத்துவப் படிவம் பெரும்பாலும் 2020-ல் திருத்தப்பட்ட சர்வதேசப் படிவமாக இருக்கும். முதல் பக்கத்தில் 10 கேள்விகள், சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் உட்கேள்விகள். புகைப்பவர் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 45 வயதுக்கு மேற்பட்டவரா என்பது. ஆம் என்றால் உட்கேள்வியில் புகைப்பதோ வேறு வழியில் நிகோடினை உள்ளிழுப்பதோ உண்டா என்று கேட்கும். அதற்கும் ஆம் என்றால் டாக்டர் ஒப்புதல் இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது. இரண்டாவது, 1.6 கி.மீ. தூரத்தை 14 நிமிடத்தில் நடப்பதோ 200 மீட்டரை நிற்காமல் நீந்துவதோ சிரமமா என்பது.

45-க்குக் கீழே இருப்பவரைப் புகைக்காக மட்டும் அந்தப் படிவம் நிறுத்தாது. அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினெட்டு வயதில் தொடங்கி நாளுக்கு ஒரு பாக்கெட் பிடிக்கும் முப்பத்தெட்டு வயதுக்காரருக்கு இருபது ஆண்டுப் புகை நெஞ்சில் இருக்கிறது. அவரும் டாக்டரைப் பார்த்துவிட்டே வர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

'எப்போதாவதுதான்' என்று நினைத்து 'இல்லை'யில் டிக் அடிப்பவர்கள் அதிகம். வாரத்துக்கு இரண்டு என்றாலும் அது ஆம்தான். பீடியும் ஆம்தான். பீடி இலைக்குள் காற்று எளிதில் புகாததால் அது அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கும், கார்பன் மோனாக்சைடும் நிறையவே சேரும். மின்சிகரெட் 2019 முதல் நாட்டில் தடை, ஆனாலும் பயன்படுத்துகிறவர் எழுதத்தான் வேண்டும். வாயில் அடக்கும் புகையிலையையும் மூக்குப்பொடியையும் இந்தப் படிவம் கேட்பதில்லை. பயிற்சியாளரிடம் வாயால் சொல்லிவிடுங்கள். பொடி மூக்கின் உட்சவ்வை வீங்கவைக்கும். அது காதுக்கு என்ன செய்யும் என்று கீழே வருகிறது.

டாக்டரிடம் என்ன கேட்பது

"ஸ்கூபாவுக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேணும் சார்" என்று மட்டும் சொன்னால், ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். வேலைக்குச் சேரக் கேட்கும் சர்டிஃபிகேட் போலத்தான் அவருக்கும் தோன்றும். படிவத்தோடு டாக்டருக்கான பக்கங்களும் உண்டு, அவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். நெஞ்சுநோய் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அழுத்தப்பட்ட காற்றைத் தண்ணீருக்கடியில் சுவாசிக்கப் போகிறேன், நுரையீரலில் காற்று அடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனை இதற்கு முக்கியம். மூக்கில் கிளிப் போட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, குழாயில் ஒரே மூச்சாக, இனி ஒன்றும் இல்லை என்னும்வரை ஊத வேண்டும். மொத்தம் ஊதிய காற்றில் முதல் ஒரு நொடியில் எவ்வளவு வந்தது என்ற விகிதத்தைத்தான் பார்ப்பார்கள். 70 சதவீதத்துக்குக் கீழே வந்தால் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்று அர்த்தம், அப்புறம் ஸ்கூபா பேச்சே வேண்டாம். சோதனைக்கு முன் குறைந்தது ஒரு மணி நேரமாவது புகைக்காமல் இருங்கள். அரை மனதாக ஊதினால் எண்கள் தப்பாக வரும், அதனால் மூன்று தடவை ஊதச் சொல்வார்கள்.

மார்பு எக்ஸ்ரே காசநோய்த் தழும்பு, பழைய நிமோனியா போன்றவற்றைக் காட்டும். சிறு கொப்புளப் பைகள் அதில் தப்பிவிடலாம், சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எழுதுவார். எப்போதோ ஒருமுறை காரணமில்லாமல் நுரையீரல் சுருங்கி மருத்துவமனையில் குழாய் போட்டிருந்தால், ஸ்கூபா ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஒல்லியாக, உயரமாக, புகைக்கும் பழக்கத்தோடு இருக்கும் இளைஞர்களுக்கு இது வருவதுண்டு. அந்த விஷயத்தை டாக்டரிடம் மறைப்பவர் தன் உயிரோடு விளையாடுகிறார்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள

400 மீட்டர் ஓட்டத் தடம் உள்ள மைதானத்தில் நாலு சுற்று நடந்தால் 1.6 கி.மீ. 14 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், முடிந்ததும் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மைதானம் இல்லாவிட்டால் தார்ச்சாலையில் பைக் மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். அரியமான் கடற்கரை மணலில் நடந்து நேரம் பார்க்காதீர்கள், மணல் காலை இழுத்து நேரத்தைக் கெடுத்துவிடும். பாம்பன் சாலைப் பாலத்தின் நீளம் சுமார் 2.3 கி.மீ. அதை 20 நிமிடத்தில் கடக்கிற நடை எவ்வளவு வேகமோ, அந்த வேகம்தான் இது. பாலத்தின் மேலேயே போய்ச் சோதிக்க வேண்டாம், பஸ்ஸும் காற்றும் போதும்.

நீச்சலுக்கு இடுப்பளவு ஆழத்தில் கரைக்கு இணையாக 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு மிதவைகளைக் கட்டி இரண்டு முறை போய் வாருங்கள். நேரம் முக்கியமில்லை, நிற்காமல் முடிப்பதுதான் கணக்கு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலில் இதைச் செய்யாதீர்கள், அப்போது வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் நேர்மாறு.

காதுக்கு ஒரு சோதனை: மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குங்கள். இரண்டு காதிலும் 'டிக்' என்று கேட்க வேண்டும். புகையும் பொடியும் மூக்கின் பின்புறத்தை வீங்கவைத்து, காதுக்குப் போகும் குழலின் வாயை அடைத்துவிடும். ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தாலும் அன்று இறங்க வேண்டாம். மூக்கடைப்புச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்குவது மோசமான யோசனை. அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால், விரியும் காற்று காதிலிருந்து வெளியேற வழியில்லாமல் ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும்.

எட்டு வாரம் முன்னால்

நேற்று நிறுத்தினேன், இன்று தயார் என்பது பாதி உண்மை. ரத்தம் ஒரு நாளில் தெளியும், நுரையீரல் தெளியாது.

கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். நாளுக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவரின் ஹீமோகுளோபினில் 5 முதல் 10 சதவீதம் இப்படி மாட்டிக்கிடக்கும். சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். 12 மணி நேரத்தில் கால்பங்கோ அதற்கும் குறைவோ மிஞ்சும், 24 மணியில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அடியில் ஆக்சிஜனின் அழுத்தம் கூடுதல் என்பதால் இந்தக் குறை உறைக்காது. மேலே வந்து, படகு நாற்பது மீட்டர் தள்ளி நிற்க, எதிர்நீவாட்டில் (எதிர் நீரோட்டத்தில்) சிலிண்டரோடு நீந்தும்போதுதான் கால் கனக்கும், நெஞ்சு அடைக்கும்.

நுரையீரல் தன் சளியைத் தானே துடைக்கத் தொடங்க வாரங்கள் ஆகும். நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரம் இருமலும் சளியும் கூடுவதுண்டு. இதைக் கண்டு பயந்து 'பிடித்தால்தான் சளி போகிறது' என்று மறுபடி பற்றவைப்பவர்கள் நிறைய. சளி வெளியேறுகிறது என்பதே நல்ல செய்திதான், ஆனால் அந்த வாரங்களில் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதனால்தான் எட்டு வாரம் என்கிறோம். மார்ச் நடுவில் பயிற்சி என்றால் போகியன்று கடைசிப் பாக்கெட்டை நெருப்பில் போட்டுவிடலாம், கணக்கு சரியாக வரும்.

தனியாக முடியாவிட்டால் 1800 112 356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. நிகோடின் சூயிங்கம் உதவும், அதை டைவ் அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதுவும் இதயத் துடிப்பைக் கூட்டும். மாத்திரைகளில் பூப்ரோபியான் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுவது. தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் பிழைப்பது அரிது. அதைச் சாப்பிடும் காலத்தில் ஸ்கூபா வேண்டாம்.

நிறுத்த முடியவில்லை, ஆனாலும் ஒரே ஒரு தடவை பவளப்பாறையைப் பார்க்க வேண்டும் என்பவருக்கு நாங்கள் சொல்வது ஸ்நார்கல், அதாவது கண்ணாடியும் மூச்சுக்குழாயும். மேல்மட்டத்திலேயே மிதந்து பார்க்கலாம். இரண்டு பாக ஆழத்துப் பாறை தெளிவான நாளில் மேலிருந்தே நன்றாகத் தெரியும். 21 தீவுகளும் தேசியப் பூங்காவில் அடங்கியவை, எதுவானாலும் வனத்துறை அனுமதியோடுதான் போக வேண்டும்.

படகில்

கடைசிப் புகைக்கும் டைவுக்கும் 24 மணி நேர இடைவெளி வேண்டும். "ஒரே ஒரு இழுப்புண்ணே, பதட்டமா இருக்கு" என்பார் ஒருவர். அந்த இழுப்பு துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும், மூச்சு வேகமாகும், காற்றும் சீக்கிரம் தீரும். வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாரில் 50-ஐ இருப்பாக விட்டால் கையில் இருப்பது சுமார் 1,660 லிட்டர். நிதானமாக மூச்சுவிடுபவருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் 5 மீட்டரில் 30, அதாவது 55 நிமிடம் தாங்கும். மூச்சிரைப்பவர் அதில் இரண்டு பங்கு இழுப்பார், 28 நிமிடத்தில் முள் 50-க்கு வந்துவிடும்.

மற்றவர் புகைப்பதையும் படகில் அனுமதிக்காதீர்கள். அவசர ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும் படகில் நெருப்பு என்பதே பைத்தியக்காரத்தனம். கரையில் சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரஸரின் காற்று உறிஞ்சும் வாய்ப்பக்கமும் அப்படியே: ஜெனரேட்டர் புகை, பீடிப் புகை எதுவும் வரக் கூடாது. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரத்தில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சிகரெட் புகையில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். காற்றில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிறது என்று சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய்ப் பற்றவைப்பவரை என்ன சொல்வது?

கீழே இருமல் வந்தால்

ஏறாதீர்கள். இருமும்போது தொண்டை ஒரு கணம் மூடித் திறக்கும், அந்தக் கணத்தில் ஏறினால் மூச்சை அடக்கியபடி ஏறுவதும் அதுவும் ஒன்றுதான். நின்ற ஆழத்திலேயே நில்லுங்கள், நங்கூரக் கயிறு பக்கத்தில் இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் ரெகுலேட்டரை வாயோடு அழுத்திப் பிடித்து அதற்குள்ளேயே இருமுங்கள். சளியும் காற்றும் வெளியேற்றும் வால்வு வழியாகப் போய்விடும். அடங்கியதும் மூன்று நிதான மூச்சு, பிறகு துணைவருக்கு மேலே போகலாம் என்று கட்டைவிரல் காட்டி, நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏறுங்கள். 5 மீட்டரிலிருந்து மேலே வர அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஆக வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் பத்து நொடியில் வந்துவிடுகிறார்கள்.

மேலே வந்த சில நிமிடத்தில் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், குரல் மாறிப்போதல், கை கால் மரத்தல், குழப்பமான பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நுரையீரல் கிழிந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே தோலை விரலால் அழுத்தினால் பொரியை நசுக்குவதுபோல் மொறுமொறுத்தால் காற்று அங்கே வந்துவிட்டது. மட்டமாகப் படுக்கவையுங்கள். இறுக்கமான முகமூடியால் நிமிடத்துக்கு 15 லிட்டர் தூய ஆக்சிஜன் கொடுங்கள். கடலில் இருந்தால் 1554 கடலோரக் காவல்படை, கரையில் 108. 'ஸ்கூபா விபத்து' என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீரில் மூழ்கியவருக்குச் செய்யும் சிகிச்சையோடு நின்றுவிடக்கூடும். சரிசெய்கிறேன் என்று மறுபடி தண்ணீருக்குள் இறக்க வேண்டாம். அழுத்தக் கலச் சிகிச்சைக்கு (உயர் அழுத்த அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுப்பது) எங்கே அனுப்புவார்கள் என்று மையத்திடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். பதில் தடுமாறினால் வேறு மையம் பாருங்கள்.

2003-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அழுத்தம் குறையும்போது உடலில் காற்றுக் குமிழிகள் உண்டாவதால் வரும் அழுத்தக் குறைவு நோய் வந்தவர்களில் புகைப்பவர்களுக்கு அறிகுறிகள் கடுமையாக இருப்பதைக் கண்டது. கரையேறியவுடன் பற்றவைக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்கு அதோடு இன்னொரு காரணமும் உண்டு. புகைத்தபின் வரும் இருமலும் நெஞ்சுக் கரகரப்பும் மேலே சொன்ன அறிகுறிகளோடு குழம்பிவிடும். எது புகையால், எது கிழிசலால் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் குடியுங்கள், காலையில் இறக்கிய புளிக்காத பதநீர் கிடைத்தால் அதுவும் நல்லது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று. டைவுக்குப் பின் உயரத்துக்குப் போய் அழுத்தம் குறைந்தாலும் அந்த அழுத்தக் குறைவு நோய் வரலாம். மதுரை போய் விமானம் ஏறுவதானால் ஒரே டைவுக்கு 12 மணி நேரமும், பல டைவுகளுக்கு 18 மணி நேரமும் இடைவெளி விட வேண்டும். இராமேஸ்வரம் முடித்துக் கொடைக்கானல் என்று டூர் போடுபவர்கள் விமானத்தை மட்டும் நினைத்து மலையை மறந்துவிடுகிறார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே, விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். காலையில் கடல், இரவில் மலை என்று போட வேண்டாம். கொடைக்கானலை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு இறங்கி வாருங்கள்.